மட்கின் காவலில் நொதிகள்

அழுகாத ஒரு புரதம்

மண்ணில் புதைத்த எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது எல்லோரும் கண்டறிந்த செய்தி. பந்தி முடிந்து குப்பைக்குழியில் எறிந்த வாழையிலை சில வாரங்களில் உருத்தெரியாமல் போகிறது. சாணமும் வைக்கோலும் கருத்து உதிர்ந்து எருவாகிவிடுகின்றன. மீன் கழிவை மரத்தடியில் புதைத்தால் சதை முழுவதும் கரைந்து முள் மட்டுமே மிஞ்சுகிறது. இவ்வாறு மறைபவற்றுள் புரதம் மிகுந்தவை முதலிலும், நார் மிகுந்தவை அதற்குப் பிறகும், மரக்கட்டை போன்றவை கடைசியிலும் மறைகின்றன என்பதையும் உற்றுநோக்குவோர் அறிவர். மண்ணில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களுக்குப் புரதம் நைட்ரஜன் நிறைந்த விருந்தாதலால், அது கிடைத்த இடத்தில் விட்டுவைக்கப்படுவதில்லை.

இந்தப் பொது அனுபவத்தோடு முரண்படும் ஓர் உண்மை மண் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. வயலிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்து, புட்டியில் அடைத்துப் பல ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்த மண்ணில் சிறிது யூரியாக் கரைசலை ஊற்றினால், புதிய நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் போதிய காலம் கழிவதற்கு முன்பே அம்மோனியா உண்டாகத் தொடங்குகிறது. யூரியாவை அவ்வளவு விரைவாக உடைக்கக்கூடியது ஒரு குறிப்பிட்ட புரதம் மட்டுமே என்பதால், அந்தப் புரதம் எப்போதோ செத்துப்போன நுண்ணுயிரோ வேரோ விட்டுச்சென்றதாக இருக்க வேண்டும். மீன் சதையைச் சில நாட்களில் கரைத்துவிடும் அதே மண், இந்தப் புரதத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் அந்தப் புரதத்தை மண்ணிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க முயன்றார்கள். அம்முயற்சி எவ்வாறு நடந்தது, எதைக் காட்டியது, எதைக் காட்டத் தவறியது என்பதை இந்த அத்தியாயம் விவரிக்கிறது.

வாயில்லா உயிர்களின் செரிமானம்

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீளமுள்ள அந்த உயிர், தன் உடற்சுவரின் நுண்துளைகள் வழியாகச் சர்க்கரை, அமினோ அமிலம் போன்ற மிகச் சிறிய மூலக்கூறுகளை மட்டுமே உள்ளிழுத்துக்கொள்ள முடியும். ஆனால் அதைச் சூழ்ந்திருக்கும் உணவோ வைக்கோல், இலை, வேர், இறந்த பூச்சி என்று அதைவிடப் பன்மடங்கு பெரிய பொருள்களாகக் கிடக்கிறது. ஆகவே விலங்குகள் உணவை விழுங்கிய பிறகு வயிற்றுக்குள் செய்யும் செரிமானத்தை, பாக்டீரியாவும் பூஞ்சையும் உடலுக்கு வெளியே, மண்ணிலேயே செய்தாக வேண்டியிருக்கிறது. அதற்காக அவை வெளிவிடும் பொருள்களே நொதிகள். தான் செலவாகாமல் ஒரு வேதிவினையைப் பல கோடி மடங்கு விரைவுபடுத்தும் புரதத்துக்கு நொதி என்று பெயர். நார்ப்பொருளை வெட்டுவதற்கு ஒன்று, மாப்பொருளை வெட்டுவதற்கு ஒன்று, புரதத்தை வெட்டுவதற்கு ஒன்று என்று வினைக்கு ஒன்றாக அவை அமைந்துள்ளன.

இங்கே ஓர் இடர் இருக்கிறது. வெளியே அனுப்பிய நொதி, அனுப்பிய உயிரின் கட்டுப்பாட்டில் இல்லை; அது நீரோடு விலகிச் செல்லலாம், களிமண்ணில் ஒட்டிச் செயலிழக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலுள்ள வேறொரு நுண்ணுயிர் அனுப்பிய புரதம் வெட்டும் நொதியால் துண்டாக்கப்பட்டு உணவாகவும் ஆகலாம். அழுகலை நடத்தும் கருவியே எளிதில் அழுகக்கூடிய பொருளால் ஆனது என்னும் இந்த முரணே மண் நொதியியல் என்ற துறையின் தொடக்கப்புள்ளி. உயிருள்ள செல் வேண்டுமென்றே வெளியிட்ட நொதிகளோடு, செல் இறந்து சிதைந்தபோது உள்ளிருந்து சிந்திய நொதிகளும் மண்ணில் சேர்கின்றன என்பதையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு மூட்டை யூரியா

எல்லா நொதிகளையும் ஒருசேரப் பேசுவதைவிட, உழவர் அனைவரும் அறிந்த ஓர் உரத்தோடு தொடர்புடைய ஒன்றைப் பின்தொடர்வது தெளிவு தரும். இந்தியாவில் இப்போது விற்கப்படும் 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ நைட்ரஜன் அடங்கியிருக்கிறது. யூரியா யூரியாவாகவே இருக்கும்வரை அதைப் பயிர் வேர்கள் சிறிதளவே எடுத்துக்கொள்கின்றன. அது அம்மோனியமாக மாறிய பிறகே பெரும்பகுதி பயிருக்குப் பயன்படும் நிலையை அடைகிறது. தூய நீரில் கரைத்து வைத்தால் யூரியா தானாக உடைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஈரமான வயல் மண்ணில் அதே யூரியா சில நாட்களில் உடைந்து, அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகப் பிரிகிறது. மேற்பரப்பில் தூவிய யூரியாவிலிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதும் இதனால்தான். இந்த வேறுபாட்டை உண்டாக்கும் நொதிக்கு யூரியேஸ் என்று பெயர்.

யூரியேஸ், நொதிகளின் வரலாற்றில் தனிச்சிறப்பு உடையது. வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் அவரை என்னும் கொடியின் விதைகளில் இது நிறைந்திருப்பதைக் கண்ட அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917-இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் உழைத்து, 1926-இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சிறுவயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்தவர் அவர் என்பது அந்த உழைப்பின் அருமையைக் கூட்டுகிறது. நொதி என்பது ஒரு புரதமே என்று முதன்முதலாக மெய்ப்பித்த அப்படிகங்களுக்காக 1946-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. விதையை அரைத்து, நீர் கலந்த அசிட்டோனில் ஊறவைத்து, வடித்து, குளிரவைத்தால் படிகம் இறங்கியது. அரைத்து, ஊறவைத்து, வடித்தால் மண்ணிலிருந்தும் அதே நொதி கிடைத்துவிடும் என்று எண்ணியவர்களுக்குக் கிடைத்தது பழுப்பு நிறத் தண்ணீர் மட்டுமே.

உயிர் போன பின்னும் ஓயாத வேலை

மண்ணில் செல்லுக்கு வெளியே நொதிகள் இருக்கக்கூடும் என்ற கருத்தை 1899-இலேயே ஆல்பர்ட் வுட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் முன்வைத்தார். 1940-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கான்ராட் என்பவர், நுண்ணுயிர்கள் வளராதபடி டொலுயீன் என்னும் திரவத்தைக் கலந்த மண்ணிலும் யூரியா தடையின்றி உடைவதைக் காட்டினார். ஆயினும் டொலுயீன் நுண்ணுயிரின் பெருக்கத்தைத்தான் தடுக்கிறது. செல்லின் உறையை ஓட்டையாக்கி உள்ளிருக்கும் நொதியைக் கசியவிடவும் செய்கிறது. எனவே உடைத்தது மண்ணில் தனித்துக் கிடந்த நொதியா, அப்போதுதான் செத்த செல்லிலிருந்து கசிந்த நொதியா என்ற ஐயம் நீங்கவில்லை.

அடுத்த பெரிய அடியைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டக்ளஸ் மெக்லாரனும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துவைத்தனர். 1957-இல் அவர்கள் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி மண்ணிலிருந்த உயிர்களை அழித்தபோது, வளர்ப்புத் தட்டில் ஒரு நுண்ணுயிரும் முளைக்காத அந்த மண்ணில் யூரியேஸும், பாஸ்பேட்டை விடுவிக்கும் பாஸ்படேஸ் நொதியும் தொடர்ந்து வேலை செய்தன. 1960-களின் இறுதியில் மெக்லாரனும் ஸ்குயின்ஸும் அலாஸ்காவின் நிலையுறைபனியில், அதாவது கோடையிலும் உருகாத அடிமண்ணில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் உறைந்திருந்த மண்ணிலும் யூரியேஸ் செயல்திறனைக் கண்டனர். குளிர் புரதத்தைக் காக்கும் என்பது உண்மையே. ஆயினும் வெப்பநாட்டு அலமாரியில் குளிரூட்டாமல் வைத்த மண்ணிலும் இதே நொதி பல ஆண்டுகள் தாங்குவதால், குளிரை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

உயிர்களை அழித்துப் பார்க்கும் சோதனைகள் நொதி இருக்கிறது என்பதைச் சொல்லின. அது எங்கே இருக்கிறது, எதைப் பற்றிக்கொண்டு இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதை அறிய வேண்டுமானால் மண்ணைப் பிரித்தாக வேண்டும்.

மண்ணிலிருந்து நொதியை இறக்குதல்

மண் என்பது மூன்று பொருள்கள் பின்னிப்பிணைந்த கலவை. மணலும் வண்டலும் ஒரு பங்கு. தகடு தகடாக அமைந்து, மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் கொண்ட களித்துகள்கள் மற்றொரு பங்கு. இலையும் வேரும் நுண்ணுயிரும் சிதைந்து, மேலும் எளிதில் சிதையாத நிலையை அடைந்த கருமையான கரிமப் பொருள் மூன்றாம் பங்கு. இந்தக் கருமைப்பொருளுக்கு மட்கு என்று பெயர். மட்கும் களியும் நேரடியாக ஒட்டிக்கொள்வது குறைவு. இரண்டும் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் உடையவை என்பதால், நேர் மின்னேற்றம் கொண்ட கால்சியம், இரும்பு, அலுமினியம் ஆகியவை இடையில் நின்று பாலமாக இரண்டையும் இணைக்கின்றன. பாலங்களை உடைக்காமல் மட்கு நீரில் இறங்காது. மட்கு இறங்காமல் நொதியும் இறங்காது. தண்ணீரையோ உப்புக்கரைசலையோ மட்டும் ஊற்றிக் குலுக்கியபோது கிடைத்த நொதி மிகச் சொற்பமாக இருந்தது இக்காரணத்தால்தான்.

மட்கைக் கரைக்க மண்ணியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த கருவி காஸ்டிக் சோடா. அது மட்கை ஏராளமாகக் கரைத்துக் கருங்காப்பி போன்ற சாற்றைத் தரும்; ஆனால் அதன் கடும் காரம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்த்து நொதியைக் கொன்றுவிடும். நொதி செயல்படுவது அதன் மடிப்புகளால் அமைந்த வடிவத்தைக் கொண்டே என்பதால், வடிவம் குலைந்த புரதம் எவ்வளவு கிடைத்தாலும் பயனில்லை. மட்கை விடுவிக்கப் போதிய வலிமையும், புரதத்தைக் குலைக்காத மென்மையும் ஒருங்கே உடைய ஒரு கரைசல் தேவைப்பட்டது.

1970-களில் இத்தாலியின் பீசா நகரில் பவுலோ நன்னிப்பியேரி, ப்ருனெல்லோ செக்காந்தி ஆகியோரின் குழு இதற்குச் சோடியம் பைரோபாஸ்பேட்டைத் திறம்படப் பயன்படுத்தியது. இரண்டு பாஸ்பேட் அலகுகள் இணைந்த இந்த உப்பு, கால்சியத்தையும் இரும்பையும் நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோலக் கவ்விக்கொள்ளும் இயல்புடையது. பாலங்கள் அகன்றதும் மட்கு களியிலிருந்து கழன்று நீரில் மிதக்கிறது. படிகநீர் சேர்ந்த பைரோபாஸ்பேட் ஏறத்தாழ 45 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் கிடைக்கும் கரைசல் காரத்தன்மை உடையது. அதை அமிலம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் நொதிக்குத் தீங்கு நேராது.

செய்முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம். சலித்த மண் ஒரு பங்குக்குக் கரைசல் பத்துப் பங்கு என்ற அளவில் கலந்து, மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் குலுக்கியில் வைக்கிறார்கள். பிறகு அக்கலவையை மையவிலக்கியில், அதாவது அதிவேகமாகச் சுழற்றிக் கனமான துகள்களைக் குழாயின் அடியில் படியவைக்கும் கருவியில், இட்டு எடுத்தால் மேலே தெளிந்த பழுப்புச் சாறு நிற்கிறது. இதை மீண்டும் வடிகட்டி, தப்பிய பாக்டீரியாக்களையும் களித்துகள்களையும் நீக்குகிறார்கள். சாற்றில் இன்னும் பைரோபாஸ்பேட்டும் பிற உப்புகளும் கலந்திருப்பதால், அதை நுண்துளைகள் கொண்ட சவ்வுப்பையில் கட்டி, நீரை மாற்றி மாற்றி அதில் தொங்கவிடுகிறார்கள். சிறு மூலக்கூறுகள் வெளியேறிவிடப் பெரியவை பைக்குள் தங்குகின்றன. கடைசியாக, வெவ்வேறு துளையளவு கொண்ட சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளி, சாற்றை மூலக்கூற்று எடையின்படி பிரிக்கிறார்கள். அரிசியைக் குருணையிலிருந்தும் குருணையைத் தவிட்டிலிருந்தும் வெவ்வேறு சல்லடைகளால் பிரிப்பதற்கு இது நிகரானது.

ஒவ்வொரு பங்கிலும் யூரியாவை இட்டு, குறித்த நேரத்தில் எவ்வளவு அம்மோனியா உண்டாகிறது என்று அளந்தால் அப்பங்கிலுள்ள யூரியேஸின் செயல்திறன் தெரிந்துவிடும். உண்டான அம்மோனியா நொதியால்தான் வந்தது என்பதை உறுதிசெய்ய, அழுத்தக் கொப்பரையில் நீராவியால் வேகவைத்த அதே சாற்றையும் அருகில் வைத்து அளக்கிறார்கள். வேகவைத்ததில் அம்மோனியா உண்டாகாவிட்டால், வேகாததில் வேலை செய்தது நொதியே.

கிடைத்த முடிவு கவனத்திற்குரியது. யூரியேஸ், நிறமற்ற தூய புரதமாக ஒரு சவ்வின் அடியிலும், மட்கு அதன் மேலுமாகப் பிரிந்து நிற்கவில்லை. எடை மிகுந்த கரிய பங்குகளில், மட்கோடு சேர்ந்தே அது இருந்தது. கருமையைக் கழற்ற முயன்றபோதெல்லாம் நொதியின் செயல்திறனும் சேர்ந்து குறைந்தது. பிரித்தெடுக்கப்பட்டது நொதி அன்று, நொதியும் மட்கும் இணைந்த ஒரு கூட்டுப்பொருள் என்று கொள்ளவேண்டியதாயிற்று. அதை நொதி–மட்குக் கூட்டு என்று இங்கே குறிப்பிடலாம்.

பஞ்சாரத்துக் குஞ்சு

இக்கூட்டு நொதிக்கு எவ்வகையில் காவலாகிறது என்பதை, பீசா ஆய்வுகளுக்குச் சற்று முன்பே, 1972-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், எல்-சையத், மெக்லாரன் ஆகிய மூவர் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையாகக் காட்டியிருந்தது. அவர்கள் களி கலந்த ஒரு மண்ணிலிருந்து, களித்துகள் சிறிதும் கலவாத, ஆனால் யூரியாவை உடைக்கும் திறனுடைய ஒரு கரிமப் பங்கைப் பிரித்தெடுத்தனர். பிறகு அதில் புரோனேஸ் என்னும் நொதிக்கலவையைச் சேர்த்தனர். ஏறக்குறைய எல்லாப் புரதங்களையும் துண்டாக்கும் கடுமையான கலவை அது. ஜாக் அவரையிலிருந்து எடுத்த தூய யூரியேஸைப் புரோனேஸோடு வைத்தால் அதன் செயல்திறன் விரைவில் அழிந்துவிடும். மண்ணிலிருந்து எடுத்த பங்கிலிருந்த யூரியேஸோ அழியாமல் யூரியாவை உடைத்துக்கொண்டே இருந்தது.

மூவரும் தந்த விளக்கம் அளவைச் சார்ந்தது. ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று என்று கொண்டால், யூரியா மூலக்கூற்றின் எடை 60. புரோனேஸிலுள்ள நொதிகளின் எடை இருபதாயிரத்தை ஒட்டியது. ஜாக் அவரை யூரியேஸின் எடை ஏறத்தாழ 5,45,000. மட்கு, யூரியேஸைச் சுற்றி ஒரு வலைப்பின்னலாக அமைந்திருக்கிறது என்றும், அப்பின்னலின் கண்கள் நீரும் யூரியாவும் உள்ளே புகவும், அம்மோனியாவும் கரியமில வாயுவும் வெளியேறவும் போதுமானவை, ஆனால் புரோனேஸ் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை என்றும் அவர்கள் கருதினர்.

சிற்றூர் வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சுகளை மூடிவைக்கும் பஞ்சாரத்தை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். மூங்கில் சிம்பால் முடைந்த அக்கூடையின் இடைவெளிகள் வழியே கம்பும் குருணையும் உள்ளே விழும். குஞ்சு கொத்தித் தின்னும். பருந்தோ பூனையோ உள்ளே நுழைய முடியாது. குஞ்சு வெளியே வரவும் முடியாது என்பதே இங்கு மிக முக்கியமானது. நொதி தப்பிப் பிழைப்பது அது சிறைப்பட்டிருப்பதால்தான். வெளியே தாராளமாக நடமாடும் நொதிக்கு மண்ணில் ஆயுள் குறைவு.

ஆவாரம்பட்டையும் மட்கும்

பின்னல் எவ்வாறு உண்டாகிறது என்பதற்குத் தமிழகத்தின் பழைய தோல் பதனிடும் தொழில் ஒரு நல்ல விளக்கம். உரித்த தோல் பெரும்பாலும் புரதம். அப்படியே விட்டால் நாறி அழுகிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் அதைத் தோய்த்து வைத்தால், அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்களான டானின்கள் புரத இழைகளோடு பிணைந்து, நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாத பதத்தைத் தோலுக்குத் தருகின்றன. கடுந்தேநீரையோ வாழைப்பூவையோ சுவைக்கும்போது நாக்கு இழுத்துக்கொள்வதும், டானின் எச்சிலின் புரதங்களைப் பற்றுவதால் உண்டாகும் உணர்வே. இலைச்சருகும் பட்டையும் மரநாரும் சிதையும்போது இதே குடும்பத்தைச் சேர்ந்த பினால் வகைப் பொருள்கள் மண்ணில் பெருமளவில் வெளிப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து மட்கின் பகுதியாகும் தறுவாயில், அருகில் கிடக்கும் நொதியையும் சேர்த்துப் பின்னிக்கொள்கின்றன.

பிணைப்பு ஒரே வகையானதன்று. மின்னேற்ற ஈர்ப்பால் ஒட்டியிருக்கும் நொதி, உப்புக்கரைசல் பட்டதும் விடுபடக்கூடும். நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒண்டியிருக்கும் இடத்தில் பிடி சற்று இறுகுகிறது. வேதிப்பிணைப்பால் பினாலோடு தைக்கப்பட்ட நொதியை விடுவிக்க மட்கையே உடைக்க வேண்டும். களித்துகள்களும் நொதியைப் பற்றுகின்றன. ஆனால் களியின் தட்டையான பரப்பில் ஒட்டும் புரதம், ஈர மாவை வாணலியில் தட்டியதுபோல விரிந்து, வடிவம் இழந்து செயலற்றுப்போவதும் உண்டு. மட்கும் களியும் சேர்ந்த நுண்கட்டிகளுக்குள், பாக்டீரியாவே எட்ட முடியாத இடுக்குகளில், சில நொதிகள் மறைந்திருக்கின்றன.

இந்தக் காவலுக்கு நொதி ஒரு விலை கொடுக்கிறது. பின்னலுக்குள் யூரியா ஊடுருவ நேரமாகிறது. நொதியின் வாய் சில சமயம் மட்கால் பாதி மறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தூய நொதி பாதி வேகத்தை எட்டுவதற்குப் போதுமான யூரியாவைவிட, மட்கில் பிணைந்த நொதிக்குப் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வேகத்தை இழந்து ஆயுளைப் பெறும் இந்த மாற்று, மண்ணின் கோணத்திலிருந்து பார்த்தால் இழப்பு என்று சொல்லத்தக்கதன்று.

ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கொள்ளளவு

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சான்டுவாவும் பிரெம்னரும் 1970-களின் நடுவில் செய்த சோதனைகள் இத்துறையின் மிக அழகிய சான்றுகளுள் அடங்கும். அவர்கள் பல மண்களில் ஜாக் அவரை யூரியேஸைக் கூடுதலாகச் சேர்த்தனர். செயல்திறன் உடனே உயர்ந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து, அந்தந்த மண்ணில் முன்பிருந்த அளவுக்கே திரும்பி நின்றது. குளுக்கோஸைச் சேர்த்து நுண்ணுயிர்களைப் பெருகச் செய்தபோதும் அவ்வாறே நடந்தது. புதிதாக வந்த நொதி, காவலில் இடம் கிடைக்காமல் அழிந்தது. பழையது இருந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மண்ணும் தான் காக்கக்கூடிய அளவு யூரியேஸை மட்டுமே வைத்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். கரிமக் கார்பன் மிகுந்த மண்களில் அந்த அளவும் மிகுந்திருந்தது.

இதிலிருந்து உழவுக்குச் சில செய்திகள் கிடைக்கின்றன. யூரியாவை உடைக்கும் ஆற்றல் அந்தப் பருவத்து நுண்ணுயிர்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. பல ஆண்டுகளாக மண்ணில் சேமித்துவைக்கப்பட்ட நொதியையும் பொறுத்தது என்பதால், நெடுநாள் காய்ந்து கிடந்த வயலிலும் முதல் ஈரம் பட்டதும் யூரியா உடையத் தொடங்கிவிடும். மேற்பரப்பில் தூவிய யூரியா அங்கேயே உடைந்தால் அம்மோனியா காற்றில் கலந்து இழப்பாகிறது; நீர் தேங்கிய நெல்வயலில் பாசியின் பகல்நேர வேலையால் நீரின் காரத்தன்மை கூடும்போது இவ்விழப்பு இன்னும் கூடுகிறது. சேற்றுக்குள் அழுத்திவைத்த யூரியாவிலிருந்து உண்டாகும் அம்மோனியத்தைக் களி பற்றிக்கொள்கிறது.

வேம்பு பூசிய யூரியா, 2015 முதல் இந்தியாவில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. அது யூரியேஸைத் தடுக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அதன் முதன்மையான பணி அதற்கு அடுத்த கட்டத்தில், அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவதில் இருக்கிறது. யூரியேஸையே நேராகத் தடுக்கும் பொருள்கள் வேறு. அவை யூரியாவைப் போன்ற வடிவமுள்ள சிறு மூலக்கூறுகள். நொதியின் செயல்மையத்தில் இருக்கும் இரண்டு நிக்கல் அணுக்களைப் பற்றிக்கொண்டு யூரியாவுக்கு இடம் தராமல் நிற்பவை. புரோனேஸால் நுழைய முடியாத பின்னலுக்குள் அவை நுழைந்துவிடுவதற்குக் காரணம், அவற்றின் சிறிய உருவமே.

எடுத்ததும் இருந்ததும்

பிரித்தெடுத்த நொதி–மட்குக் கூட்டு, மண்ணில் இருந்தபோதும் அதே உருவில் இருந்ததா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் தவிர்க்க முடியவில்லை. பைரோபாஸ்பேட் சாற்றில் கிடைப்பது மண்ணின் மொத்த யூரியேஸில் ஒரு பகுதி மட்டுமே. மீதி, குழாயின் அடியில் படிந்த கசட்டு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எளிதில் கழன்று வந்ததை வைத்துக் கழலாததைப் பற்றி முடிவுசெய்வது பிழைக்கு இடம்தரும். மேலும், சாற்றில் மிதக்கும் மட்குத் துண்டுகள் குலுக்கலின்போது ஒன்றோடொன்று சேரவும் பிரியவும் கூடும். மண்ணில் தனித்துக் கிடந்த நொதி, சாற்றில் முதன்முறையாக மட்கைச் சந்தித்து அதனோடு ஒட்டியிருக்கவும் கூடும். புரதத்தின் அளவைக் காட்டும் வழக்கமான சாயச் சோதனைகளை மட்கின் பினால்கள் ஏமாற்றிவிடுவதால், கரிய சாற்றில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று சொல்வதே எளிதன்று.

2015-இல் யோகன்னஸ் லேமனும் மார்க்குஸ் கிளேபரும் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஐயத்தை மட்கின்மீதே திருப்பியது. பாடநூல்கள் விவரிக்கும் பெரிய, கரிய, சிக்கலான மட்கு மூலக்கூறுகள், காரத்தால் சாறெடுக்கும் முறையே உண்டாக்கியவை என்றும், மண்ணில் உண்மையில் இருப்பது பல நிலைகளில் சிதைந்துகொண்டிருக்கும் சிறு பொருள்களின் தொடர்வரிசை என்றும் அவர்கள் வாதிட்டனர். அவ்வாதம் முழுவதையும் ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் பஞ்சாரம் மூங்கில் சிம்பால் முடைந்ததா, உதிரிச் சுள்ளிகள் தற்செயலாகக் குவிந்ததா என்பது மாறினாலும், உள்ளிருக்கும் குஞ்சு பருந்துக்கு எட்டவில்லை என்ற 1972-ஆம் ஆண்டின் காட்சி மாறவில்லை. சாறெடுக்கும் சோதனைகளின் உறுதியான பயன் அதுவே. அவை தந்த மூலக்கூற்று எடைகளையும் பங்குகளின் பட்டியலையும் அவ்வளவு உறுதியாகக் கொள்வது சரியாகாது.

இதனால் அண்மைக் காலத்தில் நொதியை எடுத்துப் பார்ப்பதைவிட, இருந்த இடத்திலேயே பார்க்கும் முறைகள் வளர்ந்துள்ளன. கண்ணாடிச் சுவர் கொண்ட மெல்லிய பெட்டியில் மண்ணை நிரப்பிச் செடியை வளர்த்து, வேர் பரவிய பிறகு சுவரைக் கழற்றி, நொதி பட்டால் ஒளிரும் பொருள் ஊறிய சவ்வை மண்ணின்மீது சிறிது நேரம் படியவைக்கிறார்கள். புற ஊதா ஒளியில் அச்சவ்வைப் படமெடுத்தால், பாஸ்படேஸ் போன்ற நொதிகள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்பது ஒளிப்புள்ளிகளாகத் தெரிகிறது. வேரின் ஓரத்தில், உயிர்கள் செறிந்த இடத்தில், ஒளி பிரகாசமாக இருக்கிறது. வேரை விட்டு விலகிய வெற்று மண்ணிலும் அது முற்றிலும் அணைவதில்லை; அங்கங்கே மங்கலாகத் தொடர்கிறது. அந்த மங்கிய புள்ளிகளில் எது நேற்று ஒரு பாக்டீரியா விட்டது, எது பல ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு வேர் விட்டுச்சென்றது என்பதை இந்தப் படம் பிரித்துக்காட்டுவதில்லை.